பெயரும் பிணையும்

"பெயர் எடுத்தவன்", "பெயர் கெட்டவன்", "பெயர் சொல்ல ஒரு பிள்ளை" என்று நாம் நாள்தோறும் பேசிக்கொள்கிறோம். பெயர் என்பது ஒருவரைக் கூப்பிடுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. அவருடைய மானமும் மதிப்பும் வாக்கும் அதிலே தங்கியிருக்கின்றன என்பதை நம் தாய்மொழியே நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றது.

இலண்டன் மாநகரின் வர்த்தக உலகிலோ, "பெயர்" என்ற சொல்லே ஒரு பட்டமாக வழங்கி வந்தது. "அவர் லொயிட்ஸில் ஒரு நேம்" என்று ஒருவரைக் குறித்துச் சொன்னால், அவர் செல்வர், நம்பத்தக்கவர், எல்லோருக்கும் கிட்டாத ஓர் அங்கத்துவத்தைப் பெற்றவர் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அச்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கியே எழுதுவார்கள்.

அன்பார்ந்த வாசகரே, சீமையிலுள்ள செல்வர்களின் பட்டத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சொல்லின் கதையைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். அது நம்மை நமது பங்குக் கோவிலின் ஞானஸ்நானத் தொட்டி வரையில் கொண்டுவந்து நிறுத்தும்.

கோப்பிக்கடையில் பிறந்த சொல்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வேட் லொயிட் என்பவர் இலண்டனில் ஒரு கோப்பிக்கடை நடத்தி வந்தார். 1688ஆம் ஆண்டிலேயே அக்கடையைப் பற்றிய குறிப்புக் கிடைக்கின்றது. கப்பற் தலைவர்களும் கப்பற் சொந்தக்காரரும் வணிகரும் அங்கே கூடிக் கடற்செய்திகளைப் பரிமாறிக்கொண்டார்கள்.

தூரதேசம் போகும் கப்பலுக்குக் காப்புறுதி தேடுபவர், கப்பலின் விபரத்தையும் சரக்கின் பெறுமதியையும் ஒரு கடதாசியில் எழுதி, பொறுப்பேற்கக் கூடியவர்களிடம் காட்டுவார். "கப்பல் மூழ்கினால் இன்ன தொகையை நான் தருவேன்" என்று ஏற்றுக்கொள்பவர், அந்த எழுத்தின் கீழே தம் பெயரை எழுதி, தாம் ஏற்கும் தொகையையும் குறிப்பார். இப்படிப் பலர் பெயர் எழுத, கப்பலின் பெறுமதி முழுவதும் ஈடாகிவிடும். காப்புறுதி ஏற்பவரை ஆங்கிலத்தில் "அண்டர்றைற்றர்", அதாவது கீழே எழுதுபவர் என்று அழைப்பதன் காரணம் இதுவே.

காலம் செல்லச் செல்ல, கோப்பிக்கடை பெரும் சந்தையாக வளர்ந்தது. 1871இல் பாராளுமன்றச் சட்டத்தினால் லொயிட்ஸ் ஒரு சட்டபூர்வமான சங்கமாயிற்று. பின்னாளில், ஒவ்வொரு செல்வரும் சந்தையில் தாமே வந்து கையெழுத்து வைக்கவில்லை. அவர்கள் குழுக்களாகச் சேர்க்கப்பட்டார்கள். குழுவின் சார்பில் தொழில் தெரிந்த ஒருவர் காப்புறுதிகளை ஏற்பார். பின்னால் நின்ற செல்வர்களின் பெயர் மட்டுமே அங்கே இருந்தது. அதனால் அவர்கள் "நேம்ஸ்", "பெயர்கள்" எனப்பட்டார்கள்.

அவர்கள் ஏற்ற பொறுப்பு எத்தகையது? நமது கடைத்தெருவில் கம்பனிகளின் பெயர்ப்பலகை ஈற்றில் "லிமிற்றெட்" என்ற சொல்லைக் கண்டிருப்பீர்கள். பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்பது அதன் பொருள். அந்தக் கம்பனி முறிந்தால், பங்கு வாங்கியவர் தாம் போட்ட பணத்தை இழப்பார். அவருடைய வீட்டையும் வயலையும் யாரும் தொட முடியாது. லொயிட்ஸ் "பெயர்களுக்கு" இந்த வேலி இல்லை. ஒருவர் மற்றவரின் பங்குக்குப் பொறுப்பில்லை. ஆனால் தமது பங்குக்கு அவருடைய பொறுப்பு எல்லையற்றது. வீடு, காணி, நகை, சேமிப்பு, சட்டையிலுள்ள பொத்தான் வரை எல்லாமே ஈடு. சேர வருபவரை நேரில் அழைத்து இதை எடுத்துச் சொல்வது அங்கே வழக்கமாயிருந்தது.

இந்த எல்லையற்ற பொறுப்பே அந்தச் சந்தைக்கு மதிப்பைத் தேடிக் கொடுத்தது. 1906இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் பூமியதிர்ச்சியாலும் தீயாலும் அழிந்தது. பல காப்புறுதி நிறுவனங்கள் நிபந்தனைகளைக் காட்டிச் சாட்டுச் சொல்லின. அப்போது லொயிட்ஸைச் சேர்ந்த கத்பேட் ஹீத் என்பவர், பத்திரத்தின் நிபந்தனை எதுவாயினும் தம்மிடம் காப்புறுதி எடுத்த அனைவருக்கும் முழுத் தொகையையும் கொடுக்குமாறு தமது பிரதிநிதிக்குக் கட்டளை அனுப்பினார். பெயர் என்றால் இதுவல்லவா பெயர்!

பட்டம் இனித்தது, பாரம் கசந்தது

ஒரு காலத்தில் லொயிட்ஸ் அங்கத்துவம் வெகு சிலருக்கே உரியதாயிருந்தது. பின்னர் கதவு அகலத் திறக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டிலிருந்து பெண்களும் அனுமதிக்கப்பட்டார்கள். அவ்வாண்டளவில் ஏறக்குறைய 6,000 ஆக இருந்த "பெயர்களின்" தொகை, 1988இல் 32,000க்கும் மேலாகப் பெருகிற்று. பிரபுக்கள், பாராளுமன்ற உறுப்பினர், விளையாட்டு வீரர் ஆகியோருடன், நடுத்தர வசதியுள்ள விதவைகளும் ஓய்வூதியக்காரரும் சேர்ந்தார்கள். தம் வீட்டை ஈடு வைத்து வங்கிப் பிணை பெற்றுச் சேர்ந்தவர்களும் உண்டு.

அவர்களை இழுத்தது எது? கையிலுள்ள சொத்தைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. இருக்கிறது என்று காட்டினாற் போதும். அந்தச் சொத்து தன் வருமானத்தைத் தந்துகொண்டேயிருக்கும்; லொயிட்ஸ் இலாபமும் கூடவே வரும். ஒரே பணம் இரண்டு தரம் உழைக்கும். இதற்கு மேலாக, விருந்துகளில் "நானும் ஒரு நேம்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமையும் கிடைத்தது. எல்லையற்ற பொறுப்பைப் பற்றி அவர்கள் காதால் கேட்டார்கள், கையெழுத்தும் வைத்தார்கள். ஆனால் மனத்தால் அதை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

சோதனை வந்தது. பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட காப்புறுதிகளின் கீழ், அமெரிக்காவின் கப்பற் தளங்களிலும் ஆலைகளிலும் அஸ்பெஸ்ரஸ் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்கள் நட்டஈடு கேட்டார்கள். அந்த நோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் நெஞ்சில் ஒளிந்திருந்து பின்பு ஆளைக் கொல்வது. ஆபத்தை அறிந்தும் சில கம்பனிகள் மறைத்திருந்தன. இதனோடு 1988இல் 167 உயிர்களைக் கொண்ட வட கடல் எண்ணெய் மேடை விபத்தும், 1989இல் அலாஸ்காவில் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய அழிவும், அதே ஆண்டின் ஹியூகோ சூறாவளியும் சேர்ந்துகொண்டன. 1988 முதல் 1992 வரையிலான கணக்காண்டுகளின் நட்டம் ஏறக்குறைய 800 கோடி பவுண். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் இழக்கும் நிலைக்கு வந்தன.

பலர் நீதிமன்றம் சென்றார்கள். சில முகவர்கள் கவனமின்றி நடந்தார்கள் என்று 1994இல் தீர்ப்பாகியது. ஆனால் லொயிட்ஸ் நிறுவனமே தங்களை ஏமாற்றியது என்று வாதிட்டவர்களின் வழக்கு 2000இல் தோற்றது. இதற்கிடையில் 1996இல் பழைய கடன்களைத் தனியே பிரித்து ஓர் ஒழுங்கு செய்யப்பட்டது. 1994இலிருந்து பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பனிகள் சந்தைக்குள் வந்தன. 2003இலிருந்து எல்லையற்ற பொறுப்புள்ள புதிய "பெயர்கள்" சேர்க்கப்படுவதில்லை. சந்தை இன்றும் நடக்கின்றது. பட்டம் மட்டும் மங்கிவிட்டது.

எல்லை தெரியாத வாக்கு கட்டுப்படுத்துமா?

இங்கே ஒரு கேள்வி பிறக்கின்றது. எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்று தெரியாத ஒரு வாக்கு மனிதனைக் கட்டுப்படுத்துமா? "நான் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை" என்று சொல்லி விலகிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டா?

ஏமாற்றிப் பெறப்பட்ட வாக்கு மனச்சாட்சியைக் கட்டாது என்பது தெளிவு. உண்மையை மறைத்தவன் எவனோ, குற்றம் அவனுடையது. அதையிட்டு நமக்குள் தகராறு இல்லை. ஆனால் ஏமாற்று இல்லாதவிடத்து, எதிர்பாராமை ஒரு நியாயமாகாது. காப்புறுதி என்பதே எதிர்பாராததற்கு ஈடு நிற்பதல்லவா? எதிர்பார்த்தது மட்டும் நடந்தால், அங்கே பிணையாளிக்கு என்ன வேலை? கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவரும் புனித லூக்காஸ் நற்செய்தியில் எச்சரித்திருக்கிறார்.

கம்பனிச் சட்டம் பொறுப்புக்கு வேலி போடுவதில் பிழையில்லை. பணத்தைப் பொறுத்தவரையில் அது விவேகம். வேலியின்றேல் ஏழை மனிதர் எவரும் தொழிலில் இறங்கத் துணியார். ஆனால் வாழ்வின் பெரிய வாக்குகளுக்கு இந்த வேலி பொருந்துமா? பீடத்தின் முன் நின்று ஒரு பெண்ணின் கையைப் பிடிப்பவன், "நோய் வந்தால் இவ்வளவு தூரம், வறுமை வந்தால் இவ்வளவு காலம்" என்று எல்லை வகுக்க முடியுமா? பிள்ளையைப் பெற்ற தாய், "இத்தனை இரவுகள் மட்டுமே விழித்திருப்பேன்" என்று சொல்வாளா? குருத்துவ அபிஷேகம் பெறுபவரும் கன்னியரும் நாளைக்கு வருவது இன்னதென்று அறிந்தா வாக்குக் கொடுக்கிறார்கள்? மனிதரை மனிதரோடும் இறைவனோடும் பிணைக்கும் வாக்குகள் அனைத்தும் எல்லையற்றவை. நமது தமிழில் பொறுப்பு என்ற சொல் பொறுத்தல், அதாவது சுமத்தல் என்பதிலிருந்தே வந்தது. சுமக்காத பொறுப்பு பொறுப்பாகாது.

லொயிட்ஸ் "பெயர்களில்" பலருடைய தவறு, எல்லையற்ற பொறுப்புக்குரிய மரியாதையை வாங்கிக்கொண்டு, எல்லை வகுத்த உள்ளத்தோடு வாழ்ந்தமையே. அவர்களுடைய துன்பத்தைக் கண்டு நாம் சிரிக்கலாகாது. அவர்கள் செய்ததை நாமும் செய்கிறோமா என்று பார்ப்பதே நம் கடமை.

எதன் கீழ் எழுதுகிறோம்?

இன்னுமொன்று உண்டு. வாக்கைக் காப்பாற்றினாற் போதாது. எதற்கு வாக்குக் கொடுக்கிறோம் என்றும் கேட்க வேண்டும். அடிமை வியாபாரம் நடந்த காலத்தில், ஆபிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் லொயிட்ஸ் சந்தையில் காப்புறுதி எழுதப்பட்டது. மரியாதைக்குரிய மனிதர்கள் கோப்பி அருந்தியபடி அந்தக் கடதாசிகளின் கீழும் பெயர் எழுதினார்கள். சரக்கு எனக் குறிக்கப்பட்டவர்கள் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இதற்காக 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் லொயிட்ஸ் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இதற்கு நேர்மாறான கையெழுத்து ஒன்று வேதாகமத்தில் இருக்கின்றது. ஒனேசிமு என்ற அடிமை தன் எசமானாகிய பிலமோனை விட்டு ஓடிவந்து, சிறையிலிருந்த புனித சின்னப்பரிடம் சேர்ந்தான். சின்னப்பர் அவனைத் திருப்பி அனுப்புகையில் பிலமோனுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அவனை அடிமையாக அன்றிச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். அவன் ஏதும் நட்டம் செய்திருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படியும், தாமே அதைத் தீர்ப்பதாகவும், தம் சொந்தக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கையில் காசில்லாத கைதி ஒருவர், ஊரார் மதியாத அடிமை ஒருவனின் கடனுக்குக் கீழே தம் பெயரை எழுதினார். அவர்களோ இலாபத்துக்காக அடிமைகளின் விலைக்குக் கீழே பெயர் எழுதினார்கள். இவரோ அன்புக்காக அடிமையின் கடனுக்குக் கீழே எழுதினார்.

பிணை நிற்பது இலேசான காரியமன்று என்பதை வேதாகமம் மறைக்கவில்லை. நல்ல மனிதன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்றும், பிணை நின்றவனின் நன்மையை மறக்கலாகாது என்றும், அதே வேளையில் பிணை நின்று அழிந்தவர் பலர் என்றும் சீராக்கின் ஞான நூல் இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் சொல்கின்றது. நண்பனின் வங்கிக் கடனுக்குக் கையெழுத்து வைத்து, அவன் கட்டாமற் போக, தன் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டக் கொடுத்த ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் நம் ஊர்களிற் காணாதவர் யார்? ஆகவே அளவறிந்து பிணை நில்லுங்கள் என்பதும் வேதாகமத்தின் புத்தியே. ஆனால் பிணை நின்ற பின் விலகாதீர்கள். தந்தை யாக்கோபுக்கு முன் தம்பி பென்யமீனுக்காகப் பிணை நின்ற யூதா, எகிப்தில் ஆபத்து வந்தபோது தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்க முன்வந்தான். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் நம் ஆண்டவர் இயேசுவையே மேலான உடன்படிக்கைக்குப் பிணையாளி என்று அழைக்கின்றது. அவர் ஏற்ற பொறுப்புக்கு எல்லை இருந்ததா? சிலுவையைப் பார்த்து நாமே பதில் சொல்லிக்கொள்வோம்.

நமது கோவிற் பதிவேடு

வாசகரே, இப்போது நம் ஊருக்கு வருவோம். கோவிலுக்கு மின்விசிறி ஒன்று கொடுத்தால், அதன் இறக்கையில் "உபயம்" என்று நம் பெயர் எழுதப்பட வேண்டும். திருநாட் பத்திரிகையில் நம் பெயர் ஒரு வரி கீழே போய்விட்டால் மனத்தாங்கல். சங்கத்திலே தலைவர் பதவி வேண்டும். கணக்குக் கேட்கும் கூட்டத்தன்று மட்டும் சுகமில்லை. இவையெல்லாம் லொயிட்ஸ் பட்டத்தின் சிறு பிரதிகள்.

இவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத் தகப்பனாகவும் ஞானத் தாயாகவும் யாரைத் தேடுகிறோம்? ஊரில் பெயர் எடுத்த டொக்டரையா, அதிபரையா, வெளிநாட்டிலிருந்து நல்ல சங்கிலி அனுப்பக் கூடிய உறவினரையா? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஞானப் பெற்றோராக வருபவர் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராகவும், விசுவாசத்துக்கும் தாம் ஏற்கும் கடமைக்கும் ஏற்ப நடப்பவராகவும் இருக்க வேண்டும் என்கின்றது. செல்வத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை.

ஏறக்குறைய கி. பி. 200ஆம் ஆண்டில் எழுதிய தெர்த்துலியான், ஞானஸ்நானத்தில் பிள்ளைகளுக்காக வாக்குக் கொடுப்போரை "ஸ்பொன்சோர்" என்ற இலத்தீன் சொல்லாற் குறிக்கிறார். உரோமச் சட்டத்தில் அதற்குப் பொருள் பிணையாளி. தாங்கள் இறந்துபோய் வாக்கை நிறைவேற்ற முடியாமற் போகலாம் என்பதால், அவர்கள் ஆபத்தான பொறுப்பை ஏற்கிறார்கள் என்றும் அவர் எச்சரிக்கிறார். அக்காலத்தவர் அதை எவ்வளவு பாரமாக எண்ணினார்கள் பாருங்கள்! நாமோ புதுச் சேலையோடும் புகைப்படத்தோடும் அன்று மாலையே அதை மறந்துவிடுகிறோம்.

கோவிற் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு ஞானப் பெற்றோரின் பெயர்களும் எழுதப்படுகின்றன. அதுவும் ஒரு பிணைக் கையெழுத்துத்தான். அங்கே சேர்ந்தவர்களும் ஒருவகையில் "பெயர்களே". அவர்கள் எந்தக் கப்பலுக்குப் பிணை நின்றார்கள்? ஓர் ஆன்மாவுக்கு.

2009இல் முடிந்த யுத்தம் நம் பங்குகளில் எத்தனை பிள்ளைகளைத் தகப்பனில்லாமலும் தாயில்லாமலும் விட்டுச் சென்றது! அந்த நாட்களில் சில ஞானத் தாய்மார் தங்கள் சோற்றைப் பகிர்ந்து, அப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்துப் படிப்பித்து ஆளாக்கினார்கள். அவர்களுடைய பெயர் எந்த மின்விசிறியிலும் இல்லை. வேறு சில பிள்ளைகளுக்கோ, தங்கள் ஞானத் தகப்பன் யாரென்றே தெரியாது. பெரிய பெயர் ஒன்று பதிவேட்டில் இருக்கின்றது. ஆள் ஒருநாளும் வந்ததில்லை.

லூக்காஸ் நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன ஓர் உவமையில், வாசலில் கிடந்த ஏழைக்கு லாசர் என்ற பெயர் இருக்கின்றது. நாள்தோறும் விருந்துண்ட செல்வனுக்குப் பெயரில்லை. ஊரெல்லாம் அறிந்த பெயர் விண்ணகத்தில் அறியப்படவில்லை. ஊரார் மறந்த பெயர் அங்கே அறியப்பட்டிருக்கின்றது. தன் வாசலிற் கிடந்தவனின் துன்பத்துக்குக் கீழே அந்தச் செல்வன் ஒருநாளாவது தன் பெயரை எழுதவில்லை.

எனவே, வாசகரே, வரும் ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளின் பெயரோடு உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது? அந்தப் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பள்ளிக்கூடம் போகிறார்களா? பூசைக்கு வருகிறார்களா? வேலையின்றித் திரிகிறார்களா? அடுத்த வீதியில் இருந்தால் போய்ப் பாருங்கள். தூரதேசத்தில் இருந்தால் ஒரு கடிதமாவது எழுதுங்கள். தொலைபேசியில் ஒரு வார்த்தையாவது பேசுங்கள். பிந்திவிட்டதே என்று வெட்கப்பட வேண்டாம். பிணையாளியின் கையெழுத்துக்குக் காலாவதி இல்லை.